கண்காணிப்பைக் கோடாக எழுத நான்கு வழிகள்: எது யாருக்கு?

தளம் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் சோதனையை டாஷ்போர்டில் கையால் உருவாக்கினால் அது எப்படிச் சாகும் என்பது தெரிந்த கதைதான். ஏபிஐயின் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசலின்) ஒரு பாதை மாறுகிறது. மாற்றிய டெவலப்பருக்கு அந்த டாஷ்போர்டில் கணக்கே கிடையாது. சோதனை சிவப்பாகிறது, இரவுப் பணியில் இருப்பவர் "இது சும்மா" என்று மியூட் செய்துவிடுகிறார். பிறகு உண்மையாகவே தளம் விழும் நாளிலும் அந்த மியூட் அப்படியே இருக்கும்.

சோதனையின் வரையறையை, கோடு இருக்கும் களஞ்சியமான ரெப்போவுக்குள் கொண்டுவருவது இதைத் தடுக்கத்தான். பாதையை மாற்றும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) சோதனையும் மாற வேண்டும். ரிவ்யூ செய்பவர் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதை வைத்துச் செய்வது என்பதில்தான் அணிகள் வாரக்கணக்கில் தடுமாறுகின்றன. பெரும்பாலும் போட்டி இந்த நான்குக்குள்தான்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (ரெப்போவின் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) நேரம் குறித்து ஓட்டுவது; சொந்தச் சர்வரில் ப்ரோமிதியஸும் (அளவீடுகளைச் சேகரிக்கும் கருவி) பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரும் (முகவரிகளைத் தட்டிப் பார்க்கும் அதன் துணை), அல்லது கேட்டஸ் (தனியாகவே ஓடும் எளிய கண்காணிப்புக் கருவி); டெர்ராஃபார்ம் (உள்கட்டமைப்பைக் கோடாக எழுதும் கருவி) வழியாக ஒரு கட்டணச் சேவை; ப்ளேரைட் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) ஸ்கிரிப்ட்டையே கண்காணிப்பாக ஓட்டும் செக்லி போன்ற சேவை.

அப்டைம் குமா என்ற கண்காணிப்புக் கருவி ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். நல்ல கருவிதான். ஆனால் அதன் சோதனைகள் இருப்பது டேட்டாபேஸில், ஃபைலில் அல்ல. இங்கே உள்ள கேள்விக்கு அது விடையாகாது.

## எதை வைத்து எடைபோடுவது

எங்கே நின்று பார்க்கிறது. கண்காணிக்கும் கருவியும் கண்காணிக்கப்படும் தளமும் ஒரே சர்வரில், ஒரே நெட்வொர்க்கில், ஒரே டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) நம்பிக்கையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். அலர்ட் வராது. மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்கு எடை அதிகம்.

எத்தனை நிமிடத்தில் தெரியும். தளம் 99.9% நேரம் இயங்கும் என்று வாக்குக் கொடுத்தால் 30 நாளில் 43.2 நிமிடம் விழலாம். 99.99% என்றால் 4.32 நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, இரண்டு தோல்விக்குப் பிறகே எழுப்பும் சோதனை, மோசமான வேளையில் பத்து நிமிடம் கழித்துத்தான் வாய் திறக்கும். இரண்டாவது வாக்கைக் கொடுத்திருந்தால், நீங்கள் லேப்டாப்பைத் திறக்கும் முன்பே இரண்டு மாதக் கணக்கு தீர்ந்திருக்கும்.

எவ்வளவு ஆழம். 200 (எல்லாம் சரி என்ற நிலைக்குறியீடு) வந்தால் போதுமா, பதிலுக்குள் ஜேசான் வடிவில் இருக்கும் டேட்டாவைப் படிக்க வேண்டுமா, டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கி அடுத்த அழைப்பில் பயன்படுத்தும் தொடர் சோதனை வேண்டுமா, நிஜமான பிரவுசரில் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டுமா? டேட்டாபேஸ் விழுந்த பிறகும் 200 கொடுத்து, உள்ளே பிழைச் செய்தியை வைத்து அனுப்பும் ஏபிஐகள் ஏராளம். முதல் படியோடு நிற்பவர்களுக்கு அது எப்போதும் பச்சைதான்.

ஃபைலும் நடப்பும் பிரிந்தால் தெரியுமா. ரெப்போவில் ஒன்று, ஓடுவது வேறொன்று என்றாகிவிட்டால் டாஷ்போர்டுக் காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

கட்டணம் எதனால் பெருகும். சோதனைகளின் எண்ணிக்கை, எத்தனை தடவை, எத்தனை ஊரிலிருந்து: மூன்றும் பெருக்கல். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரே ஏபிஐ சோதனை 30 நாளில் 43,200 ஓட்டம். மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் என்றால் 1,29,600. விலைப் பக்கத்தைத் திறக்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள்.

## கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்: கையிலிருப்பதை வைத்தே

ஏற்கெனவே சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்பு) இருக்கிறது, ப்ளேரைட் சோதனைகளும் இருக்கின்றன, நேரம் குறிக்கும் ஒரு கிரான் வரி சேர்த்தால் முடிந்தது என்று தோன்றும். அந்த வரிதான் பிரச்சினை.

குறைந்தபட்ச இடைவெளி 5 நிமிடம். அதுவும் உத்தரவாதம் இல்லை; சுமை அதிகமாக இருந்தால் ஓட்டம் தள்ளிப்போகும், சில சமயம் விட்டும் போகும். முழு மணி தொடங்கும் நேரத்தில்தான் நெரிசல் அதிகம். ஆகவே பூஜ்ஜியமாவது நிமிடத்தை விட்டு 7, 22, 37, 52 என்று வைப்பது நல்லது. நேரம் குறித்த ஓட்டம் டீஃபால்ட் கிளையில் உள்ள ஃபைலிலிருந்து மட்டுமே நடக்கும். பப்ளிக் ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் அது தானாக அணைந்துவிடும். கோடு நிலைத்துப்போய் யாரும் தொடாத ரெப்போவில்தான் கண்காணிப்பு அதிகம் தேவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. பிரைவேட் ரெப்போவுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2000 நிமிடம். ஒவ்வொரு ஜாபும் அடுத்த முழு நிமிடத்துக்கு உயர்த்திக் கணக்கிடப்படும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 30 நாளில் 8640 ஓட்டம். ஒவ்வொன்றும் எட்டே விநாடியில் முடிந்தாலும் 8640 நிமிடம். அரை மணிக்கு ஒருமுறை ஓட்டினால் 1440 நிமிடத்தில் அடங்கும், ஆனால் அரை மணி இடைவெளியை அப்டைம் கண்காணிப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். பப்ளிக் ரெப்போவில் வழக்கமான ரன்னர்களுக்கு (வேலையை ஓட்டும் மெஷின்களுக்கு) கட்டணம் இல்லை. உங்கள் உள் முகவரிகளை ஊருக்குக் காட்டச் சம்மதம் என்றால்.

மூன்றாவது இன்னும் நுணுக்கமானது. ஓட்டம் தோற்றால் மின்னஞ்சல் அணிக்குப் போகாது. அந்தக் கிரான் வரியைக் கடைசியாக மாற்றியவருக்குப் போகும். அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். முந்தைய ஓட்டத்தின் நினைவு எதுவும் இல்லாததால் "மீண்டது" என்ற செய்தியும் கிடையாது; விழுந்திருக்கும் வரை ஒவ்வொரு ஓட்டமும் புதிதாகத் தோற்கும். அலர்ட்டை நீங்களே வெப்ஹுக் (நிகழ்வைத் தெரிவிக்கும் முகவரி) வழியாக அணியின் சேனலுக்கு அனுப்ப வேண்டும்.

எப்போது இதுவே சரி: நிமிடக் கணக்கு தேவையில்லாத சோதனைகளுக்கு. இரவில் ஒருமுறை முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்ப்பது, உடைந்த இணைப்புகளைத் தேடுவது, டிஎல்எஸ் சான்றிதழின் (தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றின்) மீதி நாட்களை எண்ணுவது. கடைசியாகச் சொன்னது இப்போது கட்டாயம். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை நிறுத்திவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள். "முப்பது நாளுக்குக் கீழே போனால் கத்து" என்ற பழைய விதியை 47 நாள் சான்றிதழுக்கு வைத்தால், பிறந்து மூன்றாவது வாரமே கத்தத் தொடங்கிவிடும். ஆயுளில் ஆறில் ஒரு பங்கு மீதமிருக்கும்போது எழுப்புவது எந்த ஆயுளுக்கும் பொருந்தும்.

## சொந்தச் சர்வரில்: பிளாக்பாக்ஸ், கேட்டஸ்

ஏற்கெனவே ப்ரோமிதியஸ் ஓடுகிறது என்றால் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் ஒரு சிறிய கூடுதல் கன்டெய்னர், அவ்வளவுதான். அமைப்பை எழுதும் யாமல் ஃபைல்கள் ரெப்போவில் இருக்கும். ப்ரோமிதியஸின் ப்ரோம்டூல், அலர்ட்டை அனுப்பும் அலர்ட்மேனேஜரின் ஆம்டூல் என்ற சரிபார்ப்புக் கருவிகள் இரண்டையும் சிஐயில் ஓட்டினால் தவறான ஃபைல் மெர்ஜ் ஆகாது. ப்ரோம்டூல் அலர்ட் விதிகளுக்கே யூனிட் டெஸ்ட் ஓட்டும் என்பது பலர் கவனிக்காத வசதி.

இடறும் இடங்கள் நான்கு. எல்லாமே எளிதில் கண்ணில் படாத வகை என்பதால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, "அப்" என்ற மெட்ரிக் (அளவீடு). எக்ஸ்போர்ட்டரை ப்ரோமிதியஸ் தொட முடிந்ததா என்பதைத்தான் அது சொல்கிறது. தளம் செத்துக் கிடந்தாலும் எக்ஸ்போர்ட்டர் உயிரோடு இருந்தால் மதிப்பு 1. அலர்ட் வைக்க வேண்டியது, சோதனை வென்றதா என்று சொல்லும் "ப்ரோப் சக்ஸஸ்" பூஜ்ஜியமாகும்போது. ஆனால் எக்ஸ்போர்ட்டரே செத்தால் அந்த மெட்ரிக் பூஜ்ஜியமாகாது, காணாமலே போகும். காணாமல் போனது அந்த விதியைத் தூண்டாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி அலர்ட் வேண்டும்.

இரண்டாவது, ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது). பிளாக்பாக்ஸ் தானாகவே ரீடைரக்டைப் பின்தொடரும். அங்கீகாரம் உடைந்து, கோரிக்கை 302-இல் லாகின் பக்கத்துக்குப் போய், அங்கே 200 வாங்கினால் சோதனை வெற்றி! ஏபிஐ சோதனைகளுக்குப் பின்தொடர்வதை அணைத்துவிட்டு, பதிலில் இருந்தே ஆக வேண்டிய ஒரு சொல்லை ரெஜெக்ஸாக (எழுத்துத் தேடல் வடிவமாக) கேளுங்கள்.

மூன்றாவது, ஐபி பதிப்பு. டீஃபால்ட்டாக பிளாக்பாக்ஸ், புதிய வகை முகவரியான ஐபிவி6-ஐத்தான் முதலில் எடுக்கும். தளத்துக்கு ஐபிவி6 முகவரி இருந்து, உங்கள் கன்டெய்னருக்கு அந்த வழி இல்லை என்றால் எல்லாச் சோதனையும் தோற்கும். மாட்யூலில் ஐபிவி4 என்று வெளிப்படையாக எழுதுங்கள். காரணம் புரியாமல் தோற்கும் எந்தச் சோதனைக்கும், 9115 போர்ட்டில் உள்ள ப்ரோப் முகவரியில் டீபக்கை ட்ரூ என்று சேர்த்துத் திறந்தால், டிஎன்எஸ் தொடங்கி ஒவ்வொரு படியும் வரிசையாகத் தெரியும்.

நான்காவது, தாமதங்களின் கூட்டல். ஒரு நிமிட ஸ்க்ரேப் (அளவீட்டைச் சேகரிக்கும் இடைவெளி), ஒரு நிமிட விதி மதிப்பீடு, தோல்வி நீடிக்கிறதா என்று மூன்று நிமிடக் காத்திருப்பு, அதன் பிறகு அலர்ட்மேனேஜரின் டீஃபால்ட் 30 விநாடிக் குழுக் காத்திருப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம். கூட்டினால் மோசமான வேளையில் ஐந்தரை நிமிடம்.

ப்ரோமிதியஸ் இல்லாதவர்களுக்கு அதற்காகவே அதை நிறுவச் சொல்ல மாட்டோம். கேட்டஸ் போதும். ஒரே யாமல் ஃபைல்; "நிலைக்குறியீடு 200", "பதில் நேரம் 500 மில்லிவிநாடிக்குள்", "ஜேசானில் ஸ்டேட்டஸ் என்ற புலத்தின் மதிப்பு அப்", "சான்றிதழுக்கு இன்னும் 48 மணி நேரமாவது இருக்கிறது" என்பதையெல்லாம் நிபந்தனை வரிகளாகவே எழுதலாம். ஸ்டேட்டஸ் பக்கமும் கூடவே கிடைக்கும். கவனிக்க வேண்டியது: டீஃபால்ட்டாக வரலாறு மெமரியில்தான் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். எஸ்க்யூலைட்டோ போஸ்ட்கிரெஸோ சேமிப்பாகக் குறிப்பிடுங்கள். "மீண்டது" செய்தியும் டீஃபால்ட்டில் அணைந்தே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு மென்பொருளில் இல்லை. காவலாளிக்குக் காவல் வைப்பதில் இருக்கிறது. பிளாக்பாக்ஸோ கேட்டஸோ, வெளியிலிருந்து தொடக்கூடிய தளங்களுக்காவது, ஓடுவது தளம் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறொரு வழங்குநரின் சிறிய மெஷினாக இருக்க வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை வெளியே உள்ள ஒரு ஹார்ட்பீட் சேவைக்கு அனுப்பி, அது நின்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பும்படி வைக்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் இந்த வழி வேண்டாம்.

எப்போது இதுவே சரி: வெளியிலிருந்து தொட முடியாத உள் ஏபிஐகள், நூற்றுக்கணக்கான எளிய முகவரிகள், சர்வர்களைப் பராமரிக்க ஏற்கெனவே ஓர் அணி. பல படிச் சோதனையோ பிரவுசரோ வேண்டும் என்றால் பிளாக்பாக்ஸ் உதவாது.

## டெர்ராஃபார்ம் வழியாகக் கட்டணச் சேவை

டேட்டாடாக், கிராஃபனா கிளவுட் போன்றவற்றுக்கு டெர்ராஃபார்ம் ப்ரொவைடர் (சேவையோடு பேசும் இணைப்பு) இருக்கிறது. உள்கட்டமைப்பு ஏற்கெனவே டெர்ராஃபார்மில் இருந்தால், லோட் பேலன்சரை (சுமையைச் சர்வர்களுக்குப் பிரிக்கும் பகுதி) உருவாக்கும் மாட்யூலே அதற்கான சோதனையையும் உருவாக்கும். முகவரியை இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை. இது மற்ற மூன்றிலும் கிடைக்காத சுகம்.

ஃபைலும் நடப்பும் பிரிவதைக் கண்டுபிடிப்பதிலும் இதுவே முன்னால் நிற்கிறது. இரவில் ஒருமுறை, கோடுக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் பிளான் கட்டளையை டீடெய்ல்ட் எக்ஸிட் கோட் ஃபிளாகோடு ஓட்டுங்கள். 0 வந்தால் மாற்றம் இல்லை, 1 என்றால் பிழை, 2 என்றால் வித்தியாசம் இருக்கிறது, பெரும்பாலும் யாரோ டாஷ்போர்டில் கை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கவுன்ட்டை (வரிசை எண்ணால் பல பிரதி எடுக்கும் முறை) கொண்டு முகவரிப் பட்டியலைச் சுற்றாதீர்கள். பத்து முகவரிகளில் மூன்றாவதை நீக்கினால், நான்காவது மூன்றாகும், ஐந்தாவது நான்காகும். டெர்ராஃபார்ம் அவற்றை அழித்து உருவாக்காமல் இருக்கும் இடத்திலேயே திருத்திவிடலாம். அப்போது பேமென்ட் ஏபிஐயின் ஓராண்டு வரலாறு சத்தமில்லாமல் தேடல் ஏபிஐயின் பெயரில் தொடரும். அதற்குப் பதில் ஃபார் ஈச் (பெயரால் பிரதி எடுக்கும் முறை), அதோடு ஒவ்வொரு சோதனைக்கும் மாறாத ஒரு பெயர்ச் சாவி. இதில் சமரசம் வேண்டாம்.

ரகசியங்களில் இன்னொரு பொறி. மாறியை சென்சிடிவ் என்று குறித்தால் திரையில்தான் மறையும். சோதனைக்குக் கொடுத்த டோக்கன், டெர்ராஃபார்ம் தன் நினைவை வைக்கும் ஸ்டேட் ஃபைலில் வெறும் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். ஸ்டேட்டை யார் படிக்கலாம் என்பதை உற்பத்திக் கடவுச்சொல்லுக்குக் கொடுக்கும் அதே கண்டிப்போடு பாருங்கள். முடிந்தால் டோக்கனைச் சேவையின் ரகசியப் பெட்டகத்திலேயே வைத்து, கோடிலிருந்து பெயரை மட்டும் சுட்டுங்கள்.

மற்றொரு குறை, ஆட்களைப் பற்றியது. சோதனைகள் இருப்பது உள்கட்டமைப்பு ரெப்போவில். ஏபிஐயை மாற்றும் டெவலப்பர் அங்கே புல் ரிக்வெஸ்ட் போட மாட்டார். போட்டாலும் ஒப்புதலுக்கு இரண்டு நாள். தொடக்கத்தில் சொன்ன நோய் வேறு உடையில் திரும்பி வருகிறது. பல படி பிரவுசர் பயணத்தை டெர்ராஃபார்மின் மொழியான எச்சிஎல்லில் எழுதுவதும் தண்டனைதான்.

எப்போது இதுவே சரி: அந்தச் சேவைக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்கள், லாகும் (பதிவுகள்) ட்ரேஸும் (கோரிக்கை போன தடம்) அங்கேயே இருக்கின்றன, சோதனைகள் எளியவை, பயன்பாட்டு அணிகள் டெர்ராஃபார்மைப் பார்த்து மிரளாதவை.

## செக்லி போன்றவை: சோதனையே கண்காணிப்பு

இங்கே சோதனைகள் டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களாகப் பயன்பாட்டின் ரெப்போவிலேயே இருக்கும். டெஸ்ட் கட்டளை, இன்னும் வெளியிடாத சோதனைகளை அவர்களின் கிளவுடில் ஒருமுறை ஓட்டிக் காட்டும். டெப்ளாய் கட்டளை அவற்றை நிரந்தரக் கண்காணிப்பாக்கும். முகவரியை ஒரு சூழல் மாறியாக வைத்தால், புல் ரிக்வெஸ்ட்டின் பிரிவ்யூ தளத்துக்கு எதிராக ஓடும் அதே ஸ்கிரிப்ட் மெர்ஜுக்குப் பிறகு உற்பத்தித் தளத்தைக் காவல் காக்கும். டெவலப்பர் அணிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இந்த நான்கில் இல்லை.

எச்சரிக்கை இரண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு லாஜிக்கல் ஐடி (கோடில் உள்ள அடையாளப் பெயர்) உண்டு. ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை மாற்றினால், பழைய சோதனை அழிந்து புதியது பிறக்கும், வரலாறு போச்சு. காட்டும் பெயரை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஐடியைத் தொடாதீர்கள்.

அடுத்து, கோடிலிருந்து நீக்கிய சோதனையை டெப்ளாய் அங்கேயும் நீக்கிவிடும். சரியான நடத்தைதான். ஆனால் ஒருவர் தன் லேப்டாப்பில் மூன்று நாள் பழைய கிளையிலிருந்து டெப்ளாய் செய்தால், நேற்று மற்றவர் சேர்த்த சோதனைகள் மறைந்துவிடும். எந்த அலர்ட்டும் வராது, அலர்ட் கொடுக்க வேண்டியதே இல்லையே. டெப்ளாய்க்கான சாவி மெயின் கிளையின் சிஐயிடம் மட்டும் இருக்கட்டும்.

பிரவுசர் சோதனை ஏபிஐ சோதனையைவிடப் பல மடங்கு விலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் ஓடும் ஒரே ஒரு பயணம் 30 நாளில் 8640 ஓட்டம். எல்லாப் பக்கத்துக்கும் பிரவுசர் வைக்காமல், பணம் வரும் பாதை, லாகின் என்று இரண்டு மூன்றோடு நிறுத்தி, மற்றதையெல்லாம் ஏபிஐ சோதனையாக்குங்கள். விட்டு வெளியேறும் செலவும் சமமில்லை: ப்ளேரைட் ஸ்கிரிப்ட்டுகள் எங்கும் ஓடும், அவர்களின் வடிவத்தில் எழுதிய ஏபிஐ சோதனைகளைத் திரும்ப எழுத வேண்டும்.

எப்போது இதுவே சரி: டைப்ஸ்கிரிப்ட் தெரிந்த அணி, பல படிப் பயணங்கள், அடிக்கடி வெளியீடு. அணியில் யாரும் ஜாவாஸ்கிரிப்ட் தொடுவதில்லை என்றால் அழகு பாதியாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியே நின்று பார்க்கிறதா | எட்டும் ஆழம் | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் | ஆம், இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது | பிரவுசர் வரை | நிமிடக் கட்டணம், நம்ப முடியாத நேரம் | இரவுச் சோதனை, சான்றிதழ் |
| பிளாக்பாக்ஸ் / கேட்டஸ் | நீங்கள் வைக்கும் இடத்தைப் பொறுத்தது | நிலைக்குறியீடு, பதிலின் உள்ளடக்கம் | காவலாளிக்குக் காவல் | உள் ஏபிஐ, நிறைய எளிய முகவரிகள் |
| டெர்ராஃபார்ம் + சேவை | ஆம், பல ஊர்கள் | ஏபிஐ எளிது, பிரவுசர் கடினம் | ஸ்டேட்டில் ரகசியம், அணிகளுக்கு இடையே தாமதம் | உள்கட்டமைப்பு அணி |
| செக்லி போன்றவை | ஆம், பல ஊர்கள் | பிரவுசர் வரை | ஓட்டப் பெருக்கல், விட்டு வெளியேறும் செலவு | பயன்பாட்டு டெவலப்பர் அணி |

இன்னும் முடிவுக்கு வராதவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: ஏபிஐ பதிலில் ஒரு புலத்தின் பெயர் நாளை மாறினால், சோதனையைத் திருத்தப் போவது யார்? பயன்பாட்டு டெவலப்பர் என்றால் நான்காவது வழி. காசு இல்லை என்றால் பயன்பாட்டு ரெப்போவுக்குள்ளேயே கேட்டஸ் ஃபைல். உள்கட்டமைப்பு அணி என்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது. இரண்டு வழிகளைக் கலப்பதும் தவறில்லை. நிமிடக் காவலுக்குக் கேட்டஸ், இரவின் ஆழமான ஓட்டத்துக்கு ஆக்‌ஷன்ஸ் என்பது சிறிய அணிக்கு நன்றாகவே ஓடும்.

## எதை எடுத்தாலும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். புதிய பாதை சேர்க்கும்போது பயன்பாடு முதலில் டெப்ளாய், சோதனை பிறகு. பாதையை நீக்கும்போது நேர் எதிர்: சோதனையை முதலில் எடுத்துவிட்டு, பிறகு பயன்பாடு. இரண்டையும் ஒரே ஜாபில் இணையாக ஓட்டினால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பொய் அலர்ட் வரும். மூன்று பொய்க்குப் பிறகு யாரும் சேனலைப் பார்க்க மாட்டார்கள்.

ஆர்டர் போடுவது போல் டேட்டாவை எழுதும் சோதனை, தன் குப்பையை முடிவில் அல்ல, தொடக்கத்தில் கூட்ட வேண்டும். நடுவில் செத்த ஓட்டம் முடிவு வரிக்கு வரவே வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதான சோதனை ஆர்டர்களை ஒவ்வொரு ஓட்டமும் முதலில் அழிக்கட்டும். அந்தச் சோதனைப் பயனரை விற்பனைக் கணக்கிலிருந்தும் வருகைப் புள்ளிவிவரத்திலிருந்தும் விலக்கி வையுங்கள்.

பாட் தடுப்பு டேட்டா சென்டர் ஐபிகளைச் சந்தேகிக்கும். அதற்காக ஐபி பட்டியலைத் திறந்துவிடுவதைவிட, சோதனை மட்டும் அனுப்பும் ஒரு ரகசிய ஹெட்டரை ஃபயர்வாலில் அனுமதிப்பது எளிது; அதை மாற்றுவதும் எளிது.

கடைசியாக, உடைத்துப் பாருங்கள். ஸ்டேஜிங்கில் (ஒத்திகைத் தளத்தில்) டேட்டாபேஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருங்கள். எத்தனை நிமிடத்தில், யாருடைய போனில், எந்த வாசகத்தோடு அலர்ட் வந்தது என்று எழுதி வையுங்கள். வாசகத்தில் எந்தச் சோதனை, எந்த ஊரிலிருந்து, என்ன எதிர்பார்த்து என்ன கிடைத்தது என்ற மூன்றும் இல்லை என்றால் அந்த டெம்ப்ளேட்டைத் திருத்துவதுதான் அடுத்த புல் ரிக்வெஸ்ட்.